மூடுலுக்குத் தீம் தேடுகிறீர்களா? முதலில் வினாத்தேர்வுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

எங்கள் கல்லூரி ஆன்லைனில் பாடமும் தேர்வும் நடத்துவது மூடுல் மென்பொருளில். அந்தத் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமை மாற்றும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சிப் ஃபைலை ஏற்றி, அப்கிரேடு ஓடவிட்டு, தீம் தேர்வில் போய் மாற்றினால் தளம் புதுக்கோலத்தில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு மூன்று வாரம் அல்லாடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த கல்லூரிக்காரர்களாவது இதில் மாட்டக்கூடாது.

காசு கொடுத்து வாங்கிய தீம் அது. டெமோ தளத்தின் முகப்பைப் பார்த்து முடிவெடுத்ததுதான் முதல் தவறு. பெரிய ஸ்லைடர், நகரும் எண்கள், ஆசிரியர் படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் மாணவர்கள் முகப்பில் நிற்பதே இல்லை. லாகின் செய்தவுடன் டாஷ்போர்டு அல்லது பாடப் பட்டியல், அங்கிருந்து நேராக அசைன்மென்ட், வினாத்தேர்வு. இந்தப் பக்கங்கள் எந்த டெமோவிலும் முன்னால் வராது.

முதல் வினாத்தேர்வு நாளன்று போன் மேல் போன். "அடுத்த பக்கம் போக முடியவில்லை." போனில் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மூடுலில் அடுத்த பக்கத்துக்கான பட்டன் கேள்விக்குக் கீழே வலது ஓரத்தில் வரும். இந்தத் தீமில் "மேலே செல்" என்ற வட்ட பட்டன் அதே மூலையில் மிதந்துகொண்டிருந்தது. அடுத்த பக்கத்துக்குத் தட்டினால் திரை மேலே ஓடியது. நேரக் கணக்கு ஓடும் தேர்வில் மாணவர்களுக்கு அது எவ்வளவு பதற்றம் என்று சொல்லவே வேண்டாம்.

தீம் விற்றவர்களுக்கு எழுதினால் "கேஷை நீக்கிப் பாருங்கள்" என்று, அதாவது தளம் சேமித்து வைத்த பழைய நகல்களை அழிக்கச் சொல்லி, ஒரு வரி. நீக்கியாயிற்று என்றதற்கு நான்கு நாள் கழித்து அதே வரி திரும்ப வந்தது. கடைசியில் நாங்களே சரிசெய்தோம். மூடுலில் ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் அதன் நிரலில் உள்ள பாடி டேகில் ஒரு தனி ஐடி (அடையாளப் பெயர்) இருக்கும். தேர்வு எழுதும் பக்கத்தின் ஐடியைப் பிடித்து, அங்கே மட்டும் அந்த பட்டனை மறைக்கத் தீம் அமைப்பில் தோற்ற விதிகள் எழுதுவதற்கென்று உள்ள எஸ்சிஎஸ்எஸ் பெட்டியில் இரண்டு வரி போதுமாக இருந்தது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. 2022 ஏப்ரலில் வந்த மூடுல் 4.0 பதிப்பிலிருந்து கேள்வி எண்கள் உள்ள கட்டம் வலப்பக்க டிராயருக்குள், அதாவது திறந்து மூடும் ஓரப் பலகைக்குள், போய்விட்டது. போனில் அந்த டிராயர் மூடியே இருக்கும். விட்டுவிட்ட கேள்விக்குத் திரும்ப அந்தக் கட்டம்தான் சுலபமான வழி. டிராயரைத் திறக்கும் சின்னத்தை எங்கள் தீம் வெளிர் சாம்பலில் சின்னதாக வைத்திருந்ததால், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எண்ணால் பாருங்கள். இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகளின் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் 4.54 காட்டும், தேறிவிடும். #777777 போட்டால் 4.48, தேறாது. எங்கள் தீம் கெடு தேதிகளுக்குப் போட்டிருந்தது #999999. அது 2.85தான். அசைன்மென்ட் கடைசி தேதி எப்போது என்று கேட்டுத் தினமும் மெயில் வந்ததற்குக் காரணம் மாணவர்களின் கவனக்குறைவு இல்லை. வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று போனைப் பார்ப்பவருக்கு அந்த எழுத்து தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

தமிழில் பாடம் நடத்துபவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். டெமோ தளங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எங்கள் தீமில் பாப்பின்ஸ் எழுத்துரு இருந்தது. அதில் தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. அதனால் தமிழ் எழுத்து மட்டும் அந்தந்தக் கருவியில் என்ன எழுத்துரு இருக்கிறதோ அதற்குத் தாவிவிடும். ஒரே தலைப்பில் ஆங்கிலச் சொல் தடிமனாகவும் தமிழ்ச் சொல் ஒல்லியாகவும் நின்றது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றையும் போட்டுப் பார்த்து நோட்டோவில் நிறுத்தினோம். வரி உயரத்தை 1.7க்கு ஏற்றினோம், தலைப்புகளுக்கு 1.4. அதற்கும் குறைத்தால் மேல்வரியின் "கூ" கீழ்வரியின் "கீ" மேல் போய் முட்டுகிறது. பட்டனுக்கு உயரம் நிலையாகக் கட்டியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். "சமர்ப்பிக்கவும்" என்ற சொல் இரண்டு வரிக்கு மடங்கியதும் இரண்டாம் வரி பாதியில் வெட்டுப்பட்டது. தலைப்புகளுக்குத் தீம் எழுத்து இடைவெளி கூட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், தமிழ்ச் சொல் சிதறித் தெரியும்.

தீம் வாங்கும் முன் அதன் சிப் ஃபைலைப் பிரித்துப் பார்க்க முடிந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது வெர்ஷன் ஃபைல். அதில் உள்ள "ரிக்வயர்ஸ்" எண் குறைந்தபட்ச மூடுல் பதிப்பைத்தான் சொல்லும். 2022112800 என்றால் 4.1, 2024100700 என்றால் 4.5. அதற்கு மேல் எதுவரை ஓடும் என்பதை "சப்போர்ட்டட்" வரிதான் சொல்லும். எங்கள் தீமில் அந்த வரியே இல்லை.

இரண்டாவது டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர். மூடுலின் சொந்த டெம்ப்ளேட்டை (ஒரு பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் ஃபைல்) நகலெடுத்துத் திருத்தி வைத்திருக்கும் ஃபைல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடக் கூட அப்கிரேடில் அடி வாங்குவீர்கள். மூடுலில் ஒரு டெம்ப்ளேட் மாறும்போது தீமில் உள்ள நகல் பழையதாகவே நிற்கும். 2018 நவம்பரில் பாதுகாப்புக்காக மூடுலின் லாகின் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிபார்ப்புக் குறியை (டோக்கன்) சேர்த்தார்கள். லாகின் படிவத்தை நகலெடுத்து வைத்திருந்த தீம்களில் அந்த டோக்கன் இல்லாததால், சரியான பாஸ்வேர்டு போட்டும் உள்ளே போக முடியவில்லை. 2025 ஏப்ரலில் வந்த மூடுல் 5.0, பக்கத் தோற்றத்துக்கு அடிப்படையான பூட்ஸ்ட்ராப் தொகுப்பில் 4இலிருந்து 5க்கு மாறியிருக்கிறது. இடது, வலது இடைவெளிக்கான கிளாஸ் பெயர்கள் முதற்கொண்டு மாறிவிட்டன. பராமரிப்பில்லாத தீமோடு அங்கே போகாதீர்கள்.

சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். தீம் அமைப்புகளில் "யூஆர்எல்லில் தீம் மாற்ற அனுமதி" என்று ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டு, முகவரிக்குக் கடைசியில் கேள்விக்குறி போட்டு, தீம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, சமக்குறி, தீமின் ஃபோல்டர் பெயர் கொடுத்தால் உங்களுக்கு மட்டும் அந்தத் தீம் தெரியும். மற்றவர்களுக்குப் பழையதே ஓடும். வேலை முடிந்ததும் அனுமதியை அணைத்துவிடுங்கள். அட்மின் கணக்கில் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், மாணவர் பார்வை முற்றிலும் வேறு. பிறர் கணக்கில் நுழைய அட்மினுக்கு உள்ள "லாகின் ஆஸ்" வழியாக ஒரு மாணவர் பெயரில் நுழைந்து தேர்வைத் தட்டிப் பார்த்தால் அது அவருடைய முயற்சியாகவே பதிவாகிவிடும். அதனால் ஒரு சோதனை மாணவர் கணக்கு போடுங்கள். 360 பிக்சல் அகலமுள்ள சாதாரண போனில், லாகின், பாடப் பக்கம், ஃபைல் ஏற்றுவது, வினாத்தேர்வு எழுதி முடிப்பது, மதிப்பெண் பார்ப்பது என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள். ஃபைல் ஏற்றும் பெட்டி திரைக்கு வெளியே போகிறதா என்று குறிப்பாகக் கவனியுங்கள்.

தீம் டிசைனர் மோடை இயக்கினால் மாற்றங்கள் உடனே தெரியும், ஆனால் தளம் ஆமையாகிவிடும். அணைக்க மறந்து இரண்டு நாள் செர்வரைக் குறை சொன்னோம். தீம் உடைந்து அட்மின் பக்கமே திறக்காவிட்டால் பதற வேண்டாம். செர்வரில் அட்மின் ஃபோல்டருக்குள், கட்டளை வரியில் ஓட்டும் ஸ்கிரிப்ட்கள் உள்ள சிஎல்ஐ ஃபோல்டர் இருக்கிறது. அங்குள்ள சிஎஃப்ஜி ஸ்கிரிப்ட் மூலம் தீமை மூடுலோடு வரும் பூஸ்டுக்கு மாற்றிவிட்டு, பர்ஜ் கேஷஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால் தளம் எழுந்துவிடும். இது எங்களை ஒரு ஞாயிறு இரவு காப்பாற்றியது.

கடைசியில் வாங்கிய தீமைத் தூக்கிவிட்டு பூஸ்ட் யூனியன் என்ற தீமுக்கு வந்தோம். மூடுலின் இயல்பான பூஸ்ட் மேல் கட்டியது, இலவசம், ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் மூடுல் கூட்டமைப்பு பராமரிக்கிறது. லோகோ, நிறம், அடிக்குறிப்பு, மேல் மெனு எல்லாம் அமைப்புப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பிளேவர் வசதியில் துறைக்கு ஒரு நிறம்கூடக் கொடுக்கலாம். பார்க்க ஆடம்பரம் இல்லை. ஆனால் அடுத்த வினாத்தேர்வு நாளில் தேர்வுப் பக்கம் பற்றி ஒரு போன்கூட வரவில்லை.

மூடுல் செயலியில் படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தீம் எதுவும் போய்ச் சேராது. செயலி தளத்தின் தீமை எடுத்துக்கொள்வதில்லை. அதற்கென்று மொபைல் தோற்றம் பகுதியில் தோற்ற விதிகள் அடங்கிய தனி சிஎஸ்எஸ் ஃபைலின் முகவரி கொடுக்க வேண்டும். எங்கள் மாணவர்களில் யார் உலாவியில் வருகிறார்கள், யார் செயலியில் வருகிறார்கள் என்று லாக் ரிப்போர்ட்டில் உள்ள "ஆரிஜின்" என்ற பத்தியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். தீமுக்குப் பணம் ஒதுக்கும் முன்பே அதை எண்ணியிருக்க வேண்டும்.