கொழும்பு 13 என்று எழுதத் தயங்கும் பொடியன்

போன கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். முகவரி எழுதும் இடத்தில் பேனையை நிறுத்திவிட்டு, "மாமா, வத்தளைப் பெரியம்மா வீட்டு அட்ரஸைப் போடட்டா?" என்று கேட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இருபது வருசத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன். புளூமெண்டல் வீதி, அதன் கீழே ஒரு தோட்டத்தின் (நெருக்கமான ஏழைக் குடியிருப்பின்) பெயர், கொழும்பு 13 என்று கண்டால் நேர்முகத் தேர்வில் கேட்பவர்களின் முகமே மாறிவிடும். "அந்தப் பக்கம் குடுக்காரர்கள் (ஹெரோயின்காரர்கள்) கூடத்தானே?" என்று ஒரு கம்பனியில் என்னிடம் நேராகவே கேட்டார்கள்.

அப்பாவின் காலத்தில் பாதாள உலகம் என்று யாரும் சொன்னதில்லை. சண்டியன் என்பார்கள். அவனுக்கு ஒரு தோட்டம், கொஞ்சம் கசிப்பு என்ற கள்ளச் சாராயம், சூது, இடுப்பில் கத்தி, அவ்வளவுதான். அவனைப் பெரிய ஆளாக்கியது அரசியல். தேர்தலுக்கு ஆள் வேண்டும், கூட்டத்தைக் குழப்ப ஆள் வேண்டும். 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களை அடித்து விரட்ட ஆளும் கட்சித் தொழிற்சங்கத்தின் குண்டர்கள் இறக்கப்பட்டார்கள். வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்ற கோணவல சுனில் என்ற சண்டியனுக்கு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன பொதுமன்னிப்புக் கொடுத்தார், பின்னர் அந்த ஆள் சமாதான நீதவானாகவும் ஆனான். 83 ஜூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கூட்டங்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அதற்கு முந்தைய வருசங்களில் அடிப்பதற்கென்று பழக்கி வைத்த கைகள் அவற்றில் இருந்தன. எங்கள் வீட்டில் சண்டியர் கதையை யாரும் ரசித்துப் பேசாததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் ஹெரோயின் வந்தது. யுத்தத்திலிருந்து தப்பியோடிய படையினரோடு டி-56 துவக்கும் கைக்குண்டும் நகரத்துக்குள் வந்தன. கத்தியோடு திரிந்தவனின் இடத்தில் துவக்குக்காரன் வந்தான். பாதாளத் தலைவன் சொத்தி உபாலி 1998இல் சுட்டுக் கொல்லப்பட்டான். 2004 நவம்பர் 19 அன்று மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டியவையும் அவருடைய பாதுகாவலரையும் அவர் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள், அதற்காகப் போதைப்பொருள் வியாபாரி பொட்ட நௌபருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

யுத்தத்தின் கடைசி வருசங்கள் எங்களுக்கு வேறு விதம். தமிழ் வியாபாரிகளை வெள்ளை வேனில் கடத்திக் கப்பம் கேட்டார்கள். கடத்தியது பாதாளக் குழுவா, சீருடைக்காரரா என்று தெரியாமல் குடும்பங்கள் நகையை விற்றுப் பணம் கட்டின. இப்போது வேன் தேவையில்லை, வெளிநாட்டு நம்பரிலிருந்து வாட்ஸ்அப் கோல் வந்தால் போதும். பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொகையைச் சொல்கிறார்கள். எங்கள் வீதியில் பதினெட்டு வருசம் கடை வைத்திருந்த ஒருவர் இரண்டே கோலில் ஷட்டரை இழுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், பொலிஸில் சொல்லவும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. போதைப்பொருள் கடத்தலில் பேர்போன கிம்புலா எல குணா எங்கள் பக்கத்துப் பெயர்தான். 2022 டிசம்பரில் திருச்சி சிறப்பு முகாமில் இந்தியாவின் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தவர்களில் அவனும் ஒருவன்.

2025 பெப்ரவரி 19இல் வழக்கறிஞர் வேடத்தில் வந்த ஒருவன் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் பாதாளத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றான், துவக்கு புத்தகத்துக்குள் ஒளித்து வந்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுடப்பட்டார். அதற்காகப் பிடிபட்ட இரண்டு பேரும் பொலிஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டுபாயிலிருந்து கொண்டுவரப்பட்ட போதைப்பொருள் கடத்தல்காரன் மாகந்துரே மதுஷும் 2020 ஒக்டோபரில் அப்படித்தான் மாளிகாவத்தையில் செத்தான். தெருவில் சிலர் "சரியான வேலை" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் பணம் போட்டது, எந்த அரசியல்வாதி காப்பாற்றினான், எந்த அதிகாரி கண்ணை மூடினான் என்று நீதிமன்றத்தில் வர வேண்டிய பெயர்கள் எல்லாம் அந்த உடம்போடு போய்விடுகின்றன.

2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸின் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோதும் தோட்டங்களுக்குள்தான் நாயோடும் துவக்கோடும் நுழைந்தார்கள். எங்கள் வீட்டு வரிசையில் பிடித்துப்போனது தூள் பாவித்து எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு பொடியனை. அவனுக்கு வேண்டியிருந்தது வைத்தியம். அவன் அம்மா மூன்று வீட்டில் சமைத்துவிட்டு, பிணை எடுக்க நீதிமன்றத்துக்கு அலைந்தாள். விற்றவன் எங்கே இருக்கிறான் என்று வரிசை முழுக்கத் தெரியும், ஆனால் யார் வாயைத் திறப்பது?

அக்காவின் மகன் கடைசியில் வத்தளை முகவரியைத்தான் எழுதினான். உண்மையை எழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கியலில் நல்ல பெறுபேறு எடுத்தவன், மூன்று இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன். வேலை கிடைத்தால் கிராம சேவகர் சான்றிதழ் கேட்பார்களே, அதில் கொட்டாஞ்சேனை என்றுதானே இருக்கும் என்று அக்கா இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டாள்.