செயில்ஜிபி நான்காவது சீசன்: கோப்பை ஸ்பெயினுக்கு, என் மனது நியூசிலாந்துக்கு

நாடுகளின் அணிகள் மோதும் பாய்மரப் படகுப் பந்தயத் தொடரான செயில்ஜிபியின் நான்காவது சீசன் 2023 ஜூனில் சிகாகோவில் தொடங்கி 2024 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் முடிந்தது. 10 அணிகள், 13 ஊர்கள். ஒன்றைக்கூட விடாமல் பார்த்தேன். எத்தனை பேருக்கு இந்தப் பந்தயம் தெரியும் என்று தெரியவில்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்கப் பார்த்தவர்கள் இதை விடமாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

எல்லா அணிகளுக்கும் ஒரே படகுதான்: எஃப்50 என்ற கேட்டமரான், அதாவது இரட்டை உடல் கொண்ட படகு. 15 மீட்டர் நீளம், 8.8 மீட்டர் அகலம். முன்னால் ஒரு சின்னத் துணிப்பாய் இருக்கும். பெரிய பாய்க்குப் பதிலாக விமான இறக்கையை நிமிர்த்தி வைத்தது போன்ற கடினமான விங். அன்றைய காற்று எப்படியோ அதற்கேற்ப அந்த சீசனில் 18, 24 அல்லது 29 மீட்டர் உயர விங்கை மாட்டினார்கள். அடியில் இருக்கும் ஃபாயில்கள், அதாவது நீருக்குள் இயங்கும் இறக்கைகள், வேகம் கூடியதும் படகை அப்படியே தண்ணீரை விட்டு மேலே தூக்கிவிடும். இஞ்சின் கிடையாது, எல்லாம் காற்றுதான். 2022-இல் செயின்ட் டிரோப்பேயில் பிரான்ஸ் அணி மணிக்கு 99.94 கிலோமீட்டரைத் தொட்டது.

வேகத்தைவிட என்னைக் கட்டிப்போடுவது திருப்பம்தான். படகு திரும்புவதற்கு முன்பே, மேலே தூக்கி வைத்திருக்கும் ஃபாயிலைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். சில விநாடிகள் இரண்டு பக்க ஃபாயில்களும் நீருக்குள் இருக்கும். அதற்குள் ஆட்கள் நடுவில் கட்டிய வலைமேல் மறுபக்கத்துக்கு ஓட வேண்டும், விங்கின் வளைவு இடம் மாற வேண்டும், பழைய ஃபாயில் மேலேற வேண்டும். இதில் ஒன்று அரை விநாடி பிந்தினாலும் படகின் அடி தண்ணீரில் உட்கார்ந்துவிடும், வேகம் மளமளவென்று விழுந்துவிடும். உயரத்தைப் பார்த்துக்கொள்ளவே ஒருவர் இருக்கிறார், ஃப்ளைட் கன்ட்ரோலர். படகு இருபது முப்பது சென்டிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அவர் கைதான் பதில் சொல்லும். ரீப்ளே போடும்போது நான் முதலில் பார்ப்பது அவரைத்தான், ஓட்டுநரை அல்ல.

அப்புறம் இன்னொரு விஷயம், இந்தத் தொடரின் உயிரே அதுதான். ஒவ்வொரு படகிலும் உள்ள சென்சார்கள் பதிவு செய்யும் தகவல்கள் எல்லா அணிகளுக்கும் திறந்தே கிடக்கும். ஆஸ்திரேலியா எந்தக் கோணத்தில் ஃபாயிலை வைத்தது, எப்போது இறக்கியது என்பதைக் கடைசி இடத்தில் இருக்கும் அணியும் உட்கார்ந்து படிக்கலாம். படகிலும் ரகசியம் இல்லை, கணக்கிலும் ரகசியம் இல்லை. மிச்சம் இருப்பது அந்த ஆறு பேர் எப்படிச் சேர்ந்து இயங்குகிறார்கள் என்பது மட்டுமே.

இதற்கு ஸ்பெயினைவிட நல்ல சாட்சி இல்லை. முந்தைய சீசனில் அட்டவணையின் அடியில் கிடந்த அணி. ஓட்டுநர் டியேகோ போட்டின், விங்கைக் கவனிப்பவர் ஃப்ளோரியன் டிரிட்டெல், வியூகத்துக்கு நிக்கோல் வான் டெர் வெல்டன். சிறிய வயதுக்காரர்கள். இரண்டாவது ஊரான லாஸ் ஏஞ்சலஸிலேயே ஜெயித்தார்கள். சரி, அதிர்ஷ்டம் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். மே மாதம் பெர்முடாவிலும் ஜெயித்தபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

ஆனால் நான் சீசன் முழுக்கத் தொடர்ந்தது நியூசிலாந்தை. அந்த அணியின் ஓட்டுநர் பீட்டர் பர்லிங், கூட்டாளி பிளேர் டியூக் இருவரும் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 49இஆர் என்ற இருவர் ஓட்டும் பாய்மரப் படகுப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள். அந்த அமைதி படகிலும் தெரியும். சிகாகோவில் தொடக்கப் போட்டியை வென்றார்கள். செப்டம்பரில் செயின்ட் டிரோப்பேயில் முதல் நாள் பந்தயங்கள் முடிந்த கையோடு அவர்களுடைய 29 மீட்டர் விங் அப்படியே முறிந்து சரிந்தது. யாருக்கும் காயமில்லை, அதுதான் பெரிய ஆறுதல். அடுத்த ஊரான இத்தாலியின் டாரண்டோவுக்கு அவர்களால் வரவே முடியவில்லை. நான்கு மாதத்தில் ஒரு சீசனே கையைவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு. அவர்கள் ஸ்பெயினின் காடிஸில் திரும்பி வந்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி அட்டவணையின் உச்சிக்குப் போனார்கள். கிரைஸ்ட்சர்ச்சில் சொந்த மண்ணில் வெற்றி, நியூயார்க்கில் வெற்றி.

கிரைஸ்ட்சர்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024 மார்ச், லிட்டில்டன் துறைமுகம். முதல் நாள் பந்தயமே நடக்கவில்லை. காற்று பிரச்சினை இல்லை, பந்தயப் பாதைக்குள் டால்பின்கள் வந்துவிட்டன. ஹெக்டர் டால்பின், நியூசிலாந்துக் கடலில் மட்டுமே வாழும் சிறிய இனம், அந்தப் பகுதி கடல் பாலூட்டிகளுக்கான சரணாலயம். தொடரின் தலைவர் ரஸ்ஸல் கூட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். டிக்கெட் வாங்கிக் கரையில் காத்திருந்தவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிறுத்தியது சரிதான் என்பேன். அந்த வேகத்தில் வரும் ஃபாயில் ஒரு கத்தி. அதன் குறுக்கே டால்பின் குட்டி வரக்கூடும் என்று தெரிந்தும் படகை ஓட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை. மறுநாள் பந்தயம் நடந்தது. அன்று ஆஸ்திரேலியா முடிவுக்கோட்டு மிதவையிலேயே மோதிப் படகைச் சேதப்படுத்திக்கொண்டது. முதல் மூன்று சீசன்களையும் வென்ற டாம் ஸ்லிங்ஸ்பியின் படகு அப்படி நின்றதைப் பார்க்க எதிரணி ரசிகனான எனக்கே கஷ்டமாக இருந்தது.

டுபாய், அபுதாபி, சிட்னி, ஹாலிஃபாக்ஸ் எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. கடைசியில் அட்டவணையின் முதல் மூன்று இடங்களில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஸ்பெயின். விதிப்படி அந்த மூன்று படகுகளும் ஒரே ஒரு பந்தயம் ஓட வேண்டும். அதுவரை சேர்த்த புள்ளிகள் எதுவும் அங்கே எண்ணப்படாது. ஜெயிப்பவருக்கு 20 லட்சம் டாலர்.

ஜூலை 14, சான் பிரான்சிஸ்கோ வளைகுடா. மூன்றாவதாக உள்ளே வந்த ஸ்பெயின் ஜெயித்தது. நன்றாக ஓட்டினார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வாரத்துக்குள் போட்டினும் டிரிட்டெலும் மார்செய்யில் 49இஆர் பிரிவில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார்கள். அங்கே வெள்ளி நியூசிலாந்தின் வேறொரு ஜோடிக்கு.

என் மனது ஒப்பாதது விதியைத்தான். தொலைக்காட்சிக்கு அது நல்ல விருந்து என்பது புரிகிறது, நானும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் விங் முறிந்து, ஒரு ஊரையே இழந்து, ஓராண்டு உழைத்து முதலிடத்தில் முடித்த அணிக்குக் கடைசிப் பந்தயத்தில் ஏதாவது ஒரு சலுகை இருக்க வேண்டாமா? ஒரு பந்தயத்துக்குப் பதில் மூன்று வைக்கலாம். முதலிடத்துக்காரருக்கு அதில் ஒரு வெற்றியைக் கணக்கில் வைத்தே தொடங்கலாம். விறுவிறுப்பும் குறையாது.

2023-இல் ஆஸ்திரேலியாவிடம், 2024-இல் ஸ்பெயினிடம், 2025 நவம்பரில் அபுதாபியில் பிரிட்டனிடம் என்று பர்லிங்கின் அணி மூன்று இறுதிப் பந்தயங்களைத் தொடர்ந்து தோற்றிருக்கிறது. அடுத்த சீசனிலும் நான் அவர்கள் பக்கம்தான்.