முளைக்காத விதையைத் தோண்டிப் பாருங்கள்

விதைத்து இரண்டு வாரமாகியும் தொட்டியில் ஒன்றும் தலைகாட்டவில்லை என்றால், "விதை சரியில்லை" என்று மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட்டைப் பிரித்துவிடுகிறோம். கொட்டும் முன் ஒரு குச்சியால் மெல்லக் கிளறி, போட்ட விதைகளில் நாலைந்தை வெளியே எடுங்கள். ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் அந்த விதையிலேயே தெரிந்துவிடும்.

விரலால் நசுக்கினால் கூழாகி வாடை அடிக்கிறதா? செத்த விதை. போட்டபோது இருந்த அதே அளவில், கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா? தண்ணீர் உள்ளேயே போகவில்லை, உறைதான் தடை. நன்றாக உப்பி, நசுக்கினால் நசுங்காமல், பிளந்தால் உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. உறக்கநிலையில் (உயிரோடு, ஆனால் முளைக்காமல்) இருக்கலாம், அல்லது வெப்பமோ வெளிச்சமோ ஒத்துவரவில்லை. முளைவேர் வெளியே வந்து அதன் நுனி பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் விதைமேல் குற்றமே இல்லை. நாற்றழுகல் பூஞ்சை தாக்கியிருக்கும், அல்லது முளைத்த பிறகு ஒரு தடவை மண் காய்ந்திருக்கும். முளைவேர் வந்த விதையால் மறுபடி உறங்கப் போக முடியாது. மேல்மண் ஒரு நாள் முழுக்கக் காய்ந்தாலே பெரும்பாலும் போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: செத்த விதையும் தண்ணீரில் உப்பும். நீரை உறிஞ்சுவது வெறும் பௌதிக வேலை, அதற்கு உயிர் தேவையில்லை. அதனால் "ஊறிப் பெருத்துவிட்டது, நல்ல விதை" என்பது தப்புக் கணக்கு. தண்ணீரில் போட்டு, மிதப்பது கெட்டது, மூழ்குவது நல்லது என்று பிரிப்பதும் அரைகுறைச் சோதனைதான். பொக்கு விதையைக் கழிக்க அது உதவும், அவ்வளவே. வயதாகிச் செத்த கனமான விதை நன்றாகவே மூழ்கும். நல்ல மிளகாய், தக்காளி விதைகளோ உலர்ந்திருந்தால் மிதக்கும்.

நம்பத்தகுந்த சோதனை ஈரத்தாள் சோதனை. ஐம்பது விதை இருந்தால் நல்லது. இருபதுக்குக் குறைந்தால் சதவீதம் போடுவதில் அர்த்தமில்லை. தடித்த டிஷ்யூ பேப்பரை நனைத்துத் தூக்கிப் பிடியுங்கள், சொட்டக் கூடாது. விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றித் தண்ணீர் படலம் கட்டக் கூடாது. அதைவிட ஈரம் கூடினால் விதையைச் சுற்றி நீர்ப்படலம் மூடிக்கொள்ளும், ஆக்சிஜன் போகாது, நல்ல விதையும் அழுகும். விதைகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை லேசாகத் திறந்துவையுங்கள். வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். வெள்ளரிக்கு 8 நாள், வெங்காயத்துக்கு 12, தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 14, வெண்டைக்கு 21 நாள் கழித்துக் கடைசிக் கணக்கு எடுக்கலாம். வேரும் தண்டும் ஒழுங்காக வந்த நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். வேர்நுனி மட்டும் எட்டிப்பார்த்து நின்றுவிட்டது கணக்கில் சேராது.

எத்தனை முளைத்தது என்பதோடு எப்போது முளைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி ஐந்தாறு நாளில் ஒட்டுமொத்தமாக வந்தால் வீரியமான விதை. அதே எண்ணிக்கை இரண்டு வாரத்துக்கு இழுத்து இழுத்து வந்தால் விதை கிழடு தட்டிவிட்டது. தாளில் 80 சதவீதம் காட்டினாலும் மண்ணில் பாதிகூட வராமல் போகலாம். முளைப்பு 60 சதவீதம் என்றால் குழிக்கு இரண்டு விதை போடுங்கள்: நூற்றுக்கு 84 குழிகளில் ஒன்றாவது வரும். மூன்று போட்டால் 93 அல்லது 94.

உயிர் இருந்தும் எழாத விதைகளுக்கு வருவோம். வெண்டை, கொன்றை, சூபாபுல் (சவுண்டல்) மாதிரி உறை தடித்தவற்றில் தழும்பு, அதாவது விதை காயோடு ஒட்டியிருந்த வடு, இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள். தழும்பின் பக்கம் முளைக்கரு இருக்கிறது. மேல்நிறம் போய்ச் சற்று வெளிறிய அடுக்கு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சூபாபுல் விதை நிறைய இருந்தால், 80 டிகிரிக்கு ஆறிய வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைக்கலாம். பப்பாளியில் தடை வெளியே இருக்கிறது: விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பையைச் சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். புதிதாக அறுத்த சூரியகாந்தி, சில நெல் ரகங்கள் ஆகியவற்றுக்கு மருந்து காலம்தான். சில வாரம் உலர்ந்த இடத்தில் கிடந்தால் உறக்கம் தானே கலையும்.

சாலட் கீரையான லெட்டூஸ் தனிக் கதை. பல ரகங்களுக்கு வெளிச்சம் வேண்டும், மேலே மண் மூடவே கூடாது; 30 டிகிரியைத் தாண்டினால் ஈரமும் காற்றும் இருந்தும் உறங்கிவிடும். மற்ற விதைகளுக்கு அதன் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

பீன்ஸ், தட்டைப்பயறு போன்றவற்றை இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது. மிகவும் காய்ந்த பயறு சட்டென்று நீர் குடித்தால் செல்சவ்வுகள் சீரமையும் முன்பே கிழிந்து, உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசியும். அது பூஞ்சைக்கு விருந்து. பருப்பிலையில் (விதைக்குள் இருக்கும் பருப்புப் பாதிகளில்) குறுக்கே வெடிப்புத் தெரிந்தால் இதுதான் காரணம். ஈரத்துணிக்குள் சில மணி நேரம் வைத்தாலே போதும், மெதுவாகக் குடிக்கட்டும்.

ஆயுள் பயிருக்குப் பயிர் மாறும். 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பீல் புட்டிகளில் இட்டுப் புதைத்த களை விதைகளில் சில, 2021இல் எடுத்தபோதும் முளைத்தன. வெங்காய விதையோ சாதாரண அறையில் ஓரிரு வருடத்தில் முடிந்துவிடும். மா, பலா, கோகோ விதைகளை உலர்த்தவே கூடாது, உலர்ந்தால் சாகும். பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் ஊன்றிவிடுங்கள்.

உலர்த்திச் சேமிக்கக் கூடியவற்றுக்கு விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: விதை ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், சேமிப்பு வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஈரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் விதையையும் நன்கு காய்ந்த பொடியுப்பையும் போட்டுக் குலுக்குங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் உலர்த்த வேண்டும். ஒட்டாவிட்டாலும் நீண்ட நாள் சேமிக்க அது போதாது. விதையின் எடைக்குச் சமமாக சிலிகா ஜெல் சேர்த்து ஒரு வாரம் மூடிவைத்தால் ஈரம் நன்றாக இறங்கும்.

பிறகு காற்றுப் புகாத புட்டியில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும் நாளில் உடனே மூடியைத் திறக்காதீர்கள். புட்டி அறை வெப்பத்துக்கு வர நாலைந்து மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும், பாடுபட்டு உலர்த்தியது ஒரே தடவையில் நமத்துப்போகும். சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருக்காது. பொட்டலத்தின் மேல் அறுவடை செய்த மாதத்தையும் கடைசியாகச் சோதித்த சதவீதத்தையும் எழுதிவிடுங்கள்.