வாய் திறக்காத கெட்டிக்காரர்கள்

எங்கள் காலத்துக் கெட்டிக்காரர்கள் இங்கிலிஷ் பாடத்துக்கு மட்டும் கடைசி வாங்குக்கு ஓடுவார்கள். கணிதத்தில் சேர் கேள்வியை முடிக்கமுன் விடை சொல்கிறவன், ஒரு பந்தி வாசிக்கச் சொன்னால் குனிந்துவிடுவான். தெரியாமல் இல்லை. உச்சரிப்புப் பிசகினால் வகுப்பே சிரிக்கும். அன்றைக்கு விழுந்த பட்டப்பெயர், இலங்கையில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். முடிந்தாலும் போகாது. (ஒருவன் இன்றைக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெயரோடுதான் இருக்கிறான். லண்டனில் கணக்காளர்!)

ஏ.எல். வரை எல்லாமே தமிழில். பல்கலைக்கழகத்துக்குப் போனால் விஞ்ஞானமும் பொறியியலும் மருத்துவமும் இங்கிலிஷில். பௌதிகத்தில் ஆர்முடுகலும் உந்தமும் தமிழில் தண்ணீர்பட்ட பாடாக இருந்த நாங்கள் முதல் வருடம் முழுக்கத் திணறினோம். ஒரு சந்தேகம் கேட்க எழும்பமுன்னம் வசனத்தை மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். அது சரிவரும்போது விரிவுரை எங்கேயோ போயிருக்கும். கவனத்தின் பாதியைப் பயமே தின்றுவிட்டால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்? எலைன் ஹோர்விற்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறு இருவருடன் சேர்ந்து, இந்தப் பயத்தை அளக்கவென்றே 1986இல் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். வகுப்பில் தன்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்றதும் நடுக்கம் வருமா என்றுகூட அதில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் கடைசி வாங்குக்காரர் எல்லோரும் 'ஓம்' என்றுதான் போட்டிருப்பார்கள்.

இப்போது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே கதை தலைகீழ். வந்து இரண்டு வருடத்தில் விளையாட்டுத் திடலில் கனடாப் பிள்ளைகள் மாதிரியே கதைக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பந்தி எழுதச் சொன்னால் நின்றுவிடுகிறார்கள். உடனே, 'நல்லாத்தானே இங்கிலிஷ் கதைக்கிறான், படிப்புத்தான் ஏறவில்லை' என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் இந்த இரண்டையும் 1979இலேயே பிரித்துக் காட்டினார். பேச்சுமொழி ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்தின் மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப் பிடிக்க ஐந்து வருடமாவது வேண்டும். அதற்கிடையில் தான் மொக்கு என்று பிள்ளையே நம்பிவிட்டால், அதை மாற்றுவதுதான் பெரும்பாடு.

வீட்டில் தமிழை நிறுத்தினால் இங்கிலிஷ் கெதியாக வரும் என்பவர்களோடு எனக்கு ஓயாத வாக்குவாதம். மொன்றியலில் பீல், லாம்பேர்ட் இருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வில், பிறெஞ்சும் இங்கிலிஷும் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட நுண்ணறிவுச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். இரண்டு மொழியும் சமமாக வந்தவர்களையே தெரிந்தெடுத்தார்கள் என்பதால் அதை அளவோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் தமிழில் விளங்கிய பின்னக் கணக்கை இங்கிலிஷில் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. அதைத் தினமும் பார்க்கிறேன்.

இங்கே எங்கள் சங்கம் ஊரில் நடத்தும் இங்கிலிஷ் வகுப்புக்கு இந்த வருடமும் காசு சேர்க்கிறோம். முதற்பரிசுக் கேடயங்களைக் குறைத்து, ஐந்தாறு பேராக இருந்து கதைத்துப் பழகும் சிறு குழுக்களுக்கு அதைச் செலவழிக்கலாம். புள்ளி போடாமல், இடையில் தமிழ் வந்தாலும் தடுக்காமல் நடத்தட்டும். பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறேன். ஆமோதிக்க ஓர் ஆள் தேவை.