சுவரோரம் ஊர்ந்த சார்ஜென்ட்

ஃபிசியோதெரபி வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. "இனி நடப்பது கஷ்டம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதப் பேனாவை எடுத்தால், எனக்கு ராய் பெனவிடெஸ் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

டெக்சாஸ்காரர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அமெரிக்காவின் 82வது வான்குடைப் படைப்பிரிவில் பாராசூட் வீரராக இருந்தவர். 1965இல் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். இனி நடக்க மாட்டார் என்று முடிவு செய்த மருத்துவர்கள், அவரைப் படையிலிருந்து விடுவிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அவரோ இரவில் கட்டிலைவிட்டு இறங்கி, முழங்கையாலும் தாடையாலும் சுவர் வரை ஊர்ந்தார். சுவரில் சாய்ந்துகொண்டு முதலில் கால்விரல்களை அசைத்துப் பழகினார், அப்புறம் பாதத்தை. 1966 ஜூலையில் மனைவியோடு நடந்தே வெளியே வந்தார்.

அந்த வார்டில் நான் இருந்திருந்தால், விழுந்துவிடுவார் என்று பயந்து தடுத்திருப்பேன். பகலில் ரவுண்டு போகிற நமக்கு இரவு தெரிவதில்லை. பக்கவாதம் வந்த ஒரு லாரி டிரைவருக்கு "முன்னேற்றம் இல்லை" என்று எழுதிவிட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடிச்சு எழுந்து நிக்கிறாரு மேடம்" என்றார் அவர் மனைவி. அன்றே அந்த வரியை அடித்தேன். இப்போதெல்லாம் இரவில் என்ன செய்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.

பெனவிடெஸ் மறுபடியும் வியட்நாம் போனார். 1968 மே 2 அன்று, எதிரிகள் சூழ்ந்துகொண்ட 12 பேர் ரோந்துக் குழுவை மீட்க ஹெலிகாப்டரில் கிளம்பினார். ஆறு மணி நேரச் சண்டையில் குறைந்தது எட்டுப் பேரைக் காப்பாற்றினார். உடம்பில் 37 காயங்கள். இறந்துவிட்டார் என்று நினைத்துப் பிணப்பையை மூடப் போனபோது, மருத்துவரின் முகத்தில் எச்சில் துப்பித்தான் உயிர் இருப்பதைக் காட்டினார். 1981இல் அதிபர் ரீகன் கையால், அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்றார்.

ஆனால் என் வேலையை அதிகம் மாற்றியது 1983இல் நடந்ததுதான். இதயத்தில் இரண்டு குண்டுச் சிதறல்களோடு வாழ்ந்த அந்த மனிதரின் ஊன உதவித்தொகையை நிறுத்தப் போவதாகச் சமூகப் பாதுகாப்புத் துறை சொன்னது. அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் போய், தன்னைப் போன்ற எல்லோருக்காகவும் பேசினார். ஒரு முறை நடக்க முடியாது என்று எழுதினார்கள், இன்னொரு முறை வேலை செய்ய முடியும் என்று. இரண்டையும் எழுதியது என்னைப் போல மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள்தான்.

இப்போதும் என் மேசையில் ஒருவரின் ஊனச் சான்றிதழ் படிவம் இருக்கிறது. அறைக்குள் பத்தடி நன்றாகத்தான் நடந்தார். மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறேன்.