தார் பூச்சுக்கு அடியில் உப்பு: இடது பக்கம் முடிந்தது

வண்டியின் இடது ரன்னிங் போர்டில் (கதவுகளுக்குக் கீழே ஓடும் உள்கூடான இரும்புப் பகுதி) துரு மறுபடி தலைகாட்டவில்லை. வலது பக்கம் இன்னும் பழைய கோலத்திலேயே கிடக்கிறது. முன்பு வைத்திருந்தவர்கள் அடித்த கறுப்பு அண்டர்கோட் (வண்டியின் அடிப்பக்கத் தார் பூச்சு) பார்வைக்குப் பளபளப்பு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’. சுரண்டினால் அப்பளம் போல உதிர்கிறது. மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று உப்புக்காற்றிலேயே ஓடிய வண்டியைக் கழுவாமல் தார் அடித்தால், உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். போதாததற்கு ரன்னிங் போர்டின் வடிகால் துளைகளும் தாரில் அடைபட்டு, உள்ளே ஈர மணல்.

இன்ஜினுக்குக் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவர் இல்லவே இல்லை. ஆயில் மாற்றக் கழற்றுவார்கள், கிளிப் உடையும், கவர் பட்டறை மூலைக்குப் போய்விடும். ஸ்டீல் சம்ப் (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தட்டு) துரு பிடித்ததற்கும், எர்த் ஒயர் முனை பச்சை பூத்ததற்கும், பெல்ட்டில் மணல் ஏறியதற்கும் இதுதான் வழி. சம்ப் பிளக்கில் வாஷருக்குப் பதில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறது. கூலன்ட் தொட்டியில் போர் தண்ணீர். இந்த ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியவரை என்ன சொல்வது!

சரி, துருவுக்கு வருவோம். கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) மாட்டித் தேய்த்தால் துரு போகாது, மெருகேறும். பழுப்பாக மின்னுவதை இரும்பு என்று நம்பக்கூடாது. முதலில் உளியால் தகடுகளைத் தட்டி எடுத்து, பிறகு 80-ஆம் நம்பர் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட வட்டு), குழிகளுக்குக் கூரான ஊசி. வண்டி ஜாக் ஸ்டாண்டில் (இரும்பு முட்டுக்கால்) நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.

இரும்பு வெளுத்துத் தெரிந்தாலும் குழிகளுக்குள் உப்பின் குளோரைடு இருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பெயின்ட் கொப்புளிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆர்.ஓ. கடையில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை பி.பி.எம்.-இல், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது) போதும். 15 செ.மீ. சதுரத்தை அடையாளமிட்டு, 100 மி.லி. கேன் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி மெதுவாக அடித்து, வடிவதைத் தாம்பாளத்தில் பிடித்து அளக்க வேண்டும். கேன் தண்ணீர் 40 காட்டியது, வடிந்தது 380. பிரஷ் போட்டுக் கழுவியபின் 160. இத்தோடு முடிந்தது என்று பிரைமர் டப்பாவைத் திறக்கக்கூடாது. ஓர் இரவு அப்படியே விட்டால் உப்பு இருக்கும் குழிகள் மட்டும் கருத்து ஈரமாகத் தெரியும். அங்கே திரும்ப ஊசி, திரும்பத் தண்ணீர். மறுநாள் அளவு 210 என்று ஏறியது. ஆழத்தில் இருந்தது வெளியே வருகிறது என்று பொருள். கேன் தண்ணீரைவிட 10 கூடுதல் என்ற அளவுக்கு இறங்கும்வரை விடக்கூடாது. அந்த 10 என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 45 மில்லிகிராம் உப்பு. சோப்பும் ரஸ்ட் கன்வெர்ட்டரும் (துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் திரவம்) மீட்டரை ஏமாற்றும், அளந்து முடியும்வரை இரண்டும் வேண்டாம்.

அப்புறம் ஹாட் ஏர் கன்னால் உலர்த்தி, காலை 11-க்கு மேல் பூச்சு. கொண்டல் காற்று ஈரத்தோடு அடிக்கும் நாளில் டப்பாவைத் தொடவே வேண்டாம். வெள்ளை இரும்பு தெரிந்தால் ஜிங்க் எபாக்ஸி (துத்தநாகத் தூள் கலந்த பிரைமர்). குழியில் கறை மிச்சமிருந்து கன்வெர்ட்டர் போட்டால் சாதாரண எபாக்ஸிதான். கன்வெர்ட்டர் மேல் ஜிங்க் பிரைமர் வேலை செய்யாது, ஜிங்க் இரும்பைத் தொட்டால்தான் காக்கும். இணைப்புகளில் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட், மேலே ரப்பர் கோட்டிங்.

டூ-பேக் எபாக்ஸிக்கு (பெயின்டும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வருவது) மதுரை வரை போக வேண்டியதில்லை. படகுக்குப் பெயின்ட் விற்கும் கடைகளில் ஒரு லிட்டர் செட் கிடைக்கும். ஹார்டனர் கலந்து, டப்பாவில் சொன்ன நேரம் வைத்து அடியுங்கள். இந்த வெயிலில் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது நல்லது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சு. அதை நம் வண்டிக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை, விலை கேட்டால் போய்விடும். கழிவு ஆயில் அடிக்கச் சொல்லும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள்: சஸ்பென்ஷனில் இருக்கும் புஷ் ரப்பர் ஊதிப்போகும், மணல் ஒட்டும்.

வலது பக்கம் தொடங்கும் முன் சம்ப் பிளக்குக்குப் புது அலுமினியம் வாஷர், கூலன்ட் ஃபிளஷ், பிரேக் கேலிப்பர் பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ். சாதா கிரீஸ் அங்கே ரப்பரைக் கெடுக்கும். ரன்னிங் போர்டின் உள்பக்கத்துக்குக் கேவிட்டி வேக்ஸ் (உள்கூட்டில் அடிக்கும் மெழுகு), வடிகால் துளைகள் அடைபடாமல் தீக்குச்சி செருகி வைத்துவிட்டு. சைலன்சர், ஆக்ஸிஜன் சென்சார், பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை) எல்லாவற்றையும் பூச்சு படாமல் செய்தித்தாளும் டேப்பும் போட்டு மூட வேண்டும்.