மார்ச் 31 அன்று கிடங்கு காலி

விண்ணப்பப் படிவத்தில் கல்லூரியின் பெயரைத் தட்டச்சு செய்ய இடமில்லை. பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐஐடிகள், ஐஐஎம்கள், டெல்லிக் கல்லூரிகள், சென்னையில் நான்கைந்து. கடலூரில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஜனவரியில் பதினோரு பெரிய முதலீட்டு வங்கிகளுக்கு நான் 'மற்றவை'யாகப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். சென்னையிலிருந்து ஒரே ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, "கூடலூர் என்றால் ஊட்டிப் பக்கம்தானே?" என்று கேட்டார். கடலூர் என்று திருத்தினேன். அதற்குப் பிறகு அவரும் அழைக்கவில்லை.

அப்போது நான் பி.காம். இரண்டாம் ஆண்டு, பண்ருட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வருபவர்கள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்களும் இருசக்கர வாகனக் கடன் கொடுப்பவர்களும்தான். வேலைவாய்ப்பைக் கவனிக்கும் பேராசிரியரிடம் முதலீட்டு வங்கியில் பயிற்சிக்குப் போக ஆசை என்றேன். "வங்கி வேலைதானே, ஐபிபிஎஸ் தேர்வுக்குப் படியம்மா" என்றார். நல்ல மனிதர், குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கே யாரும் பாஸ்புக்கோடு வரமாட்டார்கள், பங்குச் சந்தைக்கு வர நினைக்கும் கம்பெனிக்குப் பணம் திரட்டித் தருவதும், ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கும்போது விலை பேசி முடிப்பதும்தான் தொழில் என்று வீட்டில் விளக்கினேன். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "தரகு என்று சொல்" என்றார். அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். என்னோடு படித்த ஒருத்தி 18,000 ரூபாய் கட்டி இணைய வகுப்பில் சேர்ந்தாள். எக்செல் தாளில் கையால் இட்ட எண்ணுக்கு நீலம், சூத்திரத்துக்குக் கறுப்பு என்ற தொழில் வழக்கத்தை நானும் அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவளுடைய சான்றிதழை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் இணையதளத்தில், பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கர்களின், அதாவது பங்கு வெளியீடுகளை நடத்தித்தருபவர்களின், பட்டியல் முகவரியும் மின்னஞ்சலுமாக எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. பெரிய பெயர்களைத் தாண்டிக் கீழே போனால், ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஓடும் சிறு அலுவலகங்கள் தென்படும். மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் 2012இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று தனித் தளம் தொடங்கின. பங்கு வெளியீடு முடிந்தபின் செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது எல்லாப் பங்குகளின் முகமதிப்புக் கூட்டுத்தொகை, 25 கோடி ரூபாய்க்கு மிகாத கம்பெனிகளுக்கானது அது. அந்தப் பங்கு வெளியீடுகளை இப்படிப்பட்ட சிறு அலுவலகங்களும் நடத்துகின்றன. ஆள் குறைவு, வேலை அதிகம். கல்லூரிப் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை என்று நினைத்தேன். ஏறக்குறைய சரியாகவே நினைத்திருக்கிறேன்.

பங்கு வெளியீட்டுக்காக அவர்கள் தயாரிக்கும் வரைவு ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். முந்திரி வாங்கிப் பதப்படுத்தும் ஒரு கம்பெனியின் ஆவணம் கண்ணில் பட்டது. முந்நூறு பக்கத்துக்கு மேல். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாற்பது பக்கம் மட்டும் அச்செடுத்துக்கொண்டேன்.

அப்பா ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. எங்கள் பக்கம் முந்திரி காய்ப்பது மார்ச்சிலிருந்து மே வரை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையும் பெரும்பாலும் அதையொட்டித்தான் வந்து இறங்கும். ஆண்டு முழுக்க உடைக்க வேண்டியதைச் சில மாதங்களுக்குள் வாங்கிப் போட்டுவிட வேண்டும். ஜூனில் போய்ப் பார்த்தால் 80 கிலோ மூட்டைகள் கூரை வரை ஏறி நிற்கும். நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். வங்கிக் கடனும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அப்புறம் மூட்டை இறங்க இறங்கக் கடனும் இறங்கும். பிப்ரவரி மாதங்களில் அதே கிடங்குக்குள் சிறு வயதில் நாங்கள் பந்து விளையாடியிருக்கிறோம்.

ஆவணத்தில் சரக்கிருப்பைக் காட்டியிருந்த எண் மார்ச் 31 கணக்கிலிருந்து எடுத்தது. அதாவது, நாங்கள் பந்து விளையாடியது போன்ற காலிக் கிடங்கின் கணக்கு. அதை வைத்து நடைமுறை மூலதனத் தேவையை, அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்ட வேண்டிய பணத்தை, கணித்தால் ஜூனில் மூச்சு முட்டும். இதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். தன் கம்பெனிக் கணக்கைக் கண்ணில் காட்டமாட்டேன் என்றார் அப்பா. ஆனால் ஜூனில் நூறு மூட்டை இருந்தால் டிசம்பரில் எத்தனை, மார்ச் முடிவில் எத்தனை இருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். நூறு, நாற்பத்தைந்து, எட்டு. அந்த மூன்று எண்களையும் நீல நிறத்தில் போட்டேன்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைச் செபி பட்டியலிலிருந்த 46 அலுவலகங்களுக்கு அனுப்பினேன். ஐந்து பதில்கள். மூன்று பேர் இடமில்லை என்றார்கள், ஒருவர் சம்பளமில்லாமல் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார். ஐந்தாவது மும்பை அந்தேரியிலிருந்து வந்த அழைப்பு. மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பேசினேன்.

"இந்த எட்டு எங்கிருந்து வந்தது?"

"என் அப்பாவிடமிருந்து, சார்."

சிரித்தார். சிரித்துவிட்டு, இந்தத் தொழிலில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: தேய்மானம் 10 ரூபாய் கூடினால் லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், இருப்புநிலைக் குறிப்பு என்ற மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? லாபம் 10 குறையும் என்றேன். வரியை மறந்துவிட்டேன். 25 சதவீத வரி என்றால் லாபம் 7.50தான் குறையும், வரியில் மிச்சமான 2.50 ரொக்கத்தில் கூடும். சொத்தின் மதிப்பு 10 குறையும். அவரே சொல்லிக்கொடுத்தார். இருந்தும் மே முதல் வாரம் வரச் சொன்னார்.

புதுச்சேரியிலிருந்து தாதருக்குப் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் போனேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு பெல்காம் வரை தாங்கியது.

மாதம் 12,000 ரூபாய் கொடுத்தார்கள். மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 9,500 போய்விடும். அப்பா மாதம் 4,000 அனுப்பியதால் தாக்குப்பிடித்தேன். அப்படி அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, கல்லூரிப் பெயரைவிட இதுதான் பெரிய பூட்டு என்று எனக்குப் படுகிறது. வெற்றிக் கதை சொல்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் சொல்வதில்லை.

வேலை என்ன? ஆவணத்தில் அச்சாகும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரத் தாள் இருக்கிறதா என்று பார்த்துப் பென்சிலால் டிக் போடுவது. தணிக்கை அறிக்கை, வங்கிக் கடிதம், மின் கட்டண ரசீது, எதுவானாலும். மூன்றாவது வாரம் ஓர் அட்டவணை லட்சத்திலும் அதையே சுருக்கிச் சொன்ன பத்தி கோடியிலும் இருந்ததைக் கவனிக்காமல், ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்ததற்கும் டிக் போட்டுவிட்டேன். இரவு பதினொன்றரை மணிக்கு மேலாளர் கண்டுபிடித்தார். திட்டவில்லை. பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்து, "முதல் பக்கத்திலிருந்து" என்றார். 212 பக்கங்கள். காலையில் பால்காரர் வரும்போது 190இல் இருந்தேன்.

முடிவில் வேலை தரவில்லை, கடிதம் தந்தார்கள். மறு ஆண்டு சென்னையில் ஒரு நேர்காணலில் கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனவர், அந்தேரி அலுவலகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார். இப்போது அந்தச் சென்னை அலுவலகத்தில்தான் இருக்கிறேன்.

ஜூன் கடைசியில் ஊர் திரும்பிய அன்று நேரே அப்பாவின் கிடங்குக்குப் போனேன். மூட்டைகள் கூரையைத் தொட்டிருந்தன. இடுக்கிலிருந்து ஒருக்களித்து வெளியே வந்த அப்பா, "தாதரில் முழுப்பருப்பு கிலோ என்ன விலை?" என்று கேட்டார். நல்லவேளை, விசாரித்து வைத்திருந்தேன்.